கெட்ட கப்புக்குக் கூலி

மச்சானுக்கு அவர் பட்டிருந்த கடன், குடியிருந்த வீட்டின் விலையில் சரிபாதி. வட்டி அதற்கு மேல். அதுவரை ஒருவனிடமும் கைநீட்டாத மனுஷன், தலை நரைத்தபின் நீட்டினார். சோற்றுக்கு வழியில்லாமல் அல்ல, மகள் கல்யாணத்துக்கும் அல்ல. ஜாம் கப்பின் மூடி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கேமரா வாங்குவதற்காக.

மெழுகுவத்திக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் அவரை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பது அவர் கட்சி. மளிகைக் கடை ஒன்றின் பின்னறையில், ஒரு மெழுகுவத்தியும் இரும்பறுக்கிற பிளேடு இரண்டும் வைத்துக்கொண்டு தொழில் ஆரம்பித்தவர். பிளாஸ்டிக் பையின் வாயை இரண்டு பிளேடுக்கும் நடுவே பிடித்து, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஓரத்தைச் சுடரில் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டினால் ஓட்டை விழும். வேகமாக ஓட்டினால் ஒட்டாது. அந்த நடு வேகம் கைக்கு வர, மற்றவனுக்கு ஒரு வருஷம் ஆகும். அவருக்கு ஒரு வாரம். இதை அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஆனால் பொய் இல்லை. விரல் நுனியில் இன்றைக்கும் ரேகை கிடையாது. கைரேகை வைக்கச் சொல்லும் அலுவலகங்களில் எல்லாம் மிஷின் அவரைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

பின்னறை கொட்டகை ஆயிற்று, கொட்டகை தகரக்கூரை போட்ட ஷெட் ஆயிற்று. மெழுகுவத்தி போய்க் கையால் அழுத்துகிற சீலிங் மிஷின் வந்தது, அது போய்த் தானாக ஓடுகிற மிஷின் வந்தது. இப்போது அங்கே நடப்பது ஜாம் அடைக்கிற வேலை. பீப்பாயில் ஜாம் வரும். கட்டைவிரல் உயரம் உள்ள சின்னக் கப்புகள் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தட்டில் நகரும். மேலிருந்து குழாய் ஜாமை ஊற்றும், அடுத்த இடத்தில் அலுமினிய மூடி விழும், அதற்கடுத்து சூடான அச்சு இறங்கி மூடியைக் கப்பின் விளிம்போடு அழுத்திவிட்டு மேலே போகும். ஹோட்டல் மேஜையிலும் ரயிலிலும் ரொட்டியோடு ஒன்று கொடுப்பார்களே, அந்தக் கப்.

மிஷினுக்குப் பின்னால் நீள மேஜை. அங்கே ஏழெட்டுப் பெண்கள் ஒவ்வொரு கப்பையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பெட்டியில் அடுக்குவார்கள். நன்றாக ஒட்டியிருந்தால் மூடி மத்தளம் மாதிரி விறைப்பாக நிற்கும். விளிம்பில் துளி ஜாம் சிந்தியிருந்தாலோ மூடி சுருங்கி விழுந்திருந்தாலோ, அழுத்தின இடத்துக்கு எதிர்ப்பக்கம் பிசுக்கென்று கசியும்.

கசிவுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒழுகுகிற கப் ஒன்று அகப்பட்டால், அந்த வரிசையில் நின்றவளின் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஐந்து ரூபாய் பிடிப்பு. கப்பின் விலை ஐந்து ரூபாய் கிடையாது. வலிக்க வேண்டும் என்பதற்காகவே ஐந்து. சட்டம் போட்ட முதல் மாதம் பிடிப்பு எக்கச்சக்கம். அடுத்த மாதம் பாதி. அப்புறம் மாதத்துக்கு மூன்று கப், மிஞ்சினால் நாலு. வருஷக்கணக்காக அதே கணக்கு.

"படிச்சவன் இதுக்கு நாலு புத்தகம் எழுதுவான். நான் ஐஞ்சு ரூபாயில முடிச்சேன்" என்று அவர் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை.

ஹோட்டல்காரர்கள் சில பேர் மட்டும் அவ்வப்போது போன் செய்வார்கள். பெட்டிக்குள் எறும்பு. அவர் அசர மாட்டார். "எறும்பு என் ஷெட்டுலருந்து கிளம்பி பஸ் ஏறி வந்துச்சாக்கும். உங்க ஸ்டோர் ரூமைக் கழுவுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்.

அப்படி இருந்தவரிடம்தான் ஆஸ்பத்திரிகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஒரு கம்பெனி வந்தது. இப்போது ஓடுவதைப்போல மூன்று மடங்கு ஆர்டர். ஒரே ஒரு நிபந்தனை. நோயாளிக்குப் போகிற பொருள், அதனால் ஒவ்வொரு கப்பையும் கேமரா பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். மனுஷக் கண்ணும் விரலும் போதாது. அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு ஊசியாக ஏறியது. ஆனாலும் மூன்று மடங்கு என்பது மூன்று மடங்கு.

மச்சான், மனைவியின் அண்ணன், வட்டிக்கடை வைத்திருந்தார். வீட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"மாப்பிள்ளை, கல்யாணத்தப்ப ஒரு போட்டோக்காரனுக்குக் காசு தர மூக்கால அழுத ஆளு நீங்க. இப்ப ஜாம் கப்பைப் போட்டோ எடுக்க வீட்டை வைக்கிறீங்களே."

"அப்ப எடுத்த போட்டோவால என்ன வருமானம் வந்துச்சு மச்சான்?"

"என் தங்கச்சி வந்தா" என்றார் மச்சான்.

காபித் தம்ளரோடு நின்றிருந்த தங்கச்சி சொன்னாள்: "ரெண்டு பேரும் என்னைக் கணக்குல சேர்க்காதீங்க. ஆர்டர் கிடைக்கலன்னா வீடு போகும். அது மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்."

ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு மனுஷன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நிலைப்படியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நுழைந்தார்.

கேமரா வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்தால் கையடக்கமான சாமான், கூட ஒரு வட்ட விளக்கு, காற்றைப் பீய்ச்சுகிற ஒரு சின்னக் குழாய். இதற்கா பாதி வீடு என்று மனைவி வாய்விட்டே கேட்டாள். அதை மாட்டிச் சொல்லிக்கொடுக்கக் கேமராக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவர் மகள் வயதுகூட இருக்காது. முதுகில் மாட்டிய பை அவளைவிடப் பெரிது.

"ஐயா, எனக்கு நல்ல கப் ரெண்டு பெட்டி, கெட்ட கப் ரெண்டு பெட்டி வேணும்" என்றாள். "ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து இதுக்குக் காட்டுவேன். எது நல்லது, எது கெட்டதுன்னு அது பார்த்துப் பார்த்துப் பழகிக்கும். அப்புறம் பெல்ட்டுல கெட்டது வந்தா, இந்தக் குழாய் ஊதித் தள்ளிடும்."

"நல்லது எத்தனை பெட்டி வேணா எடுத்துக்கம்மா. கெட்டதுக்கு நான் எங்க போவேன்? மாசத்துக்கு மூணுதான் விழும்."

"மூணா? நான் பார்த்த எந்த ஷெட்டுலயும் ஒரு நாளைக்கே முப்பது விழும் ஐயா."

"நீ பார்த்த ஷெட்டுல நான் இல்லையே."

சொல்லிவிட்டு, மேஜையின் தலைமாட்டில் நின்ற பெரியக்காவிடம் வேலையை ஒப்படைத்தார். பெரியக்கா என்பது ஷெட்டு முழுவதும் கூப்பிடுகிற பெயர். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்; அவரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார், அவள் அவரை அண்ணே என்பாள். இந்த உறவுமுறைக் குழப்பத்தை இதுவரை யாரும் தீர்த்துவைக்கவில்லை.

"பெரியக்கா, போட்டோ எடுக்கப் போறாங்களாம். நல்லது ரெண்டு பெட்டி, கெட்டது ரெண்டு பெட்டி. கெட்டது எப்படியாவது தேத்திக் குடு. இதுக்குப் பிடிப்பு கிடையாது."

"பிடிப்பு கிடையாதா?" என்று அவள் கேட்டாள். அவர் சொன்னதை நம்பியதாக அவள் முகம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நாலு பெட்டியும் மேஜைமேல் இருந்தன.

கேமராக்காரப் பெண் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். மறுநாள் மிஷினை ஓட விட்டார்கள். முதல் தட்டு கேமராவுக்குக் கீழே போனது. ஃபுஸ். ஒரு கப் பறந்து பெல்ட்டோரம் வைத்த தொட்டியில் விழுந்தது. ஃபுஸ், ஃபுஸ். இன்னும் இரண்டு. அப்புறம் அது ஓயவே இல்லை. சளி பிடித்த குழந்தை மாதிரி விடாமல் தும்மிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குப் போவதைவிடத் தொட்டிக்குப் போவது அதிகம்.

மெழுகுவத்திக்காரர் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கப்பை எடுத்தார். அழுத்தினார். மத்தளம். இன்னொன்று. அதுவும் மத்தளம். மூன்றாவதைத் திறந்து விரலால் வழித்து வாயில் வைத்தே பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இதுல என்ன குறையைக் கண்டுச்சு உன் கேமரா? மாமியார் மாதிரி இருக்கே இது. எதைக் கொண்டு போய் வெச்சாலும் நொட்டை சொல்லுது."

"அதுக்குன்னு ஒரு காரணம் இருக்கும் ஐயா."

"இருக்கும், இருக்கும். என் வீட்டுப் பத்திரத்து மேல அதுக்குப் பொறாமை."

அவள் சிரித்துக்கொண்டே கேமராவின் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தினாள். தும்மல் குறைந்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். நின்றது. ஷெட்டு மொத்தமும் கை தட்டியது. பெரியக்கா மட்டும் தட்டவில்லை. அவள் கப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலைமையில்தான் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கிறவர் வந்தார். பேசாத மனுஷர். காலரில் பேனா, கையில் வெள்ளைத் தாள் ஒரு கட்டு. கேமரா பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றைத் திறந்து, பத்துப் பதினைந்து கப்பைத் தாளின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். டீ குடித்தார். டீ முடிந்ததும் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றின் அடியில் தாள் சிவப்பாக நனைந்திருந்தது. இன்னொன்றின் அடியிலும்.

"இது உங்க கேமரா நல்லதுன்னு சொன்னது" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அடுத்த புதன்கிழமை வர்றேன். அப்பவும் இப்படித்தான்னா, நான் வேற ஷெட்டைப் பார்க்கணும்."

அவர் கார் திரும்புவதற்குள் மச்சானின் போன் வந்தது. வட்டிக்கடைக்காரன் மூக்குக்கு எல்லாம் எட்டும். "மாப்பிள்ளை, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார் மச்சான். "வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதா இருந்தா இப்ப அடிக்காதீங்க."

அன்று மத்தியானம் கேமராக்காரப் பெண் அவரைக் கூப்பிட்டாள். திரையில் நல்ல கப்புகளின் படங்களைப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"ஐயா, இதைப் பாருங்க. நல்லதுன்னு கொடுத்த கப் அத்தனையும் பளபளன்னு இருக்கு. மூடியில துணியால துடைச்ச கோடு தெரியுது. ஆனா பெல்ட்டுல வர்ற கப்பு மேல எப்பவும் ஆவி படிஞ்சிருக்கும், லேசா மங்கலா இருக்கும். பளபளப்பு இருந்தாத்தான் நல்லதுன்னு இது பழகியிருக்கு. அதான் எல்லாத்தையும் தள்ளுச்சு."

அவர் பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"போட்டோ எடுக்கப் போறாங்கன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க" என்றாள் அவள். "போட்டோவுக்கு முகம் கழுவாம யாரு நிப்பா? ஈரத்துணியால தொடைச்சு, காய்ஞ்ச துணியால மெருகு போட்டுக் குடுத்தோம்."

மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இது பரவாயில்ல" என்றாள் கேமராக்காரப் பெண். "துடைக்காத கப்பா எடுத்து மறுபடி காட்டினாப் போச்சு. இதைப் பாருங்க." அடுத்த படங்களை எடுத்தாள். கெட்ட கப்புகள். "ரெண்டு பெட்டியிலயும் ஓட்டை ஒரே மாதிரி. ஒரே அளவு, ஒரே இடம். இது மிஷின்ல விழுந்த கசிவு இல்ல. யாரோ குண்டூசியால குத்தியிருக்காங்க. இதுக்குக் குண்டூசி ஓட்டையைத்தான் தெரியும். நிஜமாக் கசியறது எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூட இது பார்த்ததில்ல."

மேஜையில் சிரிப்பு நின்றுபோனது. பெண்கள் அத்தனை பேரும் திடீரென்று தத்தம் கப்புகளில் மும்முரமானார்கள்.

மெழுகுவத்திக்காரருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் எடுத்த எடுப்பில் கத்துகிற ஆள் இல்லை. நடந்துவிட்டு வந்து கத்துகிற ஆள். ஷெட்டின் பின்பக்கம் போனார். அங்கே பெண்கள் கை கழுவுகிற தொட்டி, அதிலிருந்து போகும் சாக்கடை. அந்தச் சாக்கடை ஓரத்தில் எப்போதும் எறும்புச் சாரை. எத்தனையோ தடவை மருந்து தூவியிருக்கிறார். பக்கத்து ரொட்டிக்கடைக்காரனோடு சண்டையும் போட்டிருக்கிறார், உன் கடைச் சர்க்கரைதான் இங்கே வருகிறது என்று. இன்றைக்குக் குனிந்து பார்த்தார். சேற்றுக்குள் ஏதோ மின்னியது. ஒரு குச்சியை எடுத்துக் கிளறினார். அலுமினிய மூடிகள். மடித்து மடித்துப் பட்டாணி அளவுக்கு ஆக்கிய மூடிகள், அடுக்கடுக்காக, எத்தனை வருஷத்து மூடிகளோ. ரொட்டிக்கடைக்காரன் தன்னைத் திருப்பித் திட்டியது நியாயம்தான் என்று அப்போது தெரிந்தது.

குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். கத்துவதற்கு வைத்திருந்த வார்த்தை எதுவும் வரவில்லை.

"பெரியக்கா, மாசத்துக்கு மூணு கப்புன்னு எனக்குக் கணக்கு வருதே. அது எங்கருந்து வருது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று தீர்மானித்த முகம்.

"ஒண்ணுமே விழலன்னா நீங்க நம்ப மாட்டீங்களே அண்ணே. அதனால முறை வெச்சிருக்கோம். இந்த மாசம் இவங்க மூணு பேரு, அடுத்த மாசம் அந்த மூணு பேரு. மாட்டிக்கிறவளுக்குப் பிடிக்கிற காசை எல்லாரும் பங்கு போட்டுக் குடுத்துடுவோம். மிச்சமெல்லாம் ஏப்ரன் பையில ஒளிச்சு, கை கழுவுறப்ப சாக்கடையில போட்டுடுவோம். பை நிறைஞ்சா..." அவள் பெட்டிகளைப் பார்த்தாள். அதற்கு மேல் சொல்லவில்லை. ஹோட்டலுக்குப் போன எறும்பு எந்த பஸ்ஸில் ஏறியது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை, ஏழெட்டுப் பெண்கள் முறைவைத்துச் சமைத்துப் போட்ட பெருமை. கசிவு நின்றது என்று நினைத்தார்; கசிவு சொல்லுவதுதான் நின்றிருந்தது. இதைச் சொல்லிக்கொடுக்கப் பாதி வீடு செலவான ஒரு கேமரா வரவேண்டியிருந்தது. அதுவும் அது சொல்லவில்லை; அதற்குத் தெரியாததை வைத்துத்தான் தெரிந்தது.

யோசித்தார். மிஷின் தன் பாட்டுக்கு ஓடியது.

"சரி" என்றார் கடைசியில். "பிடிப்பு இன்னையோட ஒழிஞ்சது. கசியற கப்பெல்லாம் எனக்கு வேணும். நிஜமாக் கசியறது. விளிம்புல ஜாம் பட்டது, மூடி சுருங்கினது, கோணலா விழுந்தது, சூடு பத்தாதது, எல்லாம். கொண்டு வந்து குடுங்க."

ஒருத்தியும் அசையவில்லை. ஏப்ரன் பைகள் புடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எத்தனை என்று அவளவளுக்குத் தெரியும். கை மட்டும் உள்ளே போகவில்லை.

"என்ன, நம்பிக்கை இல்லையா?"

"போன தடவையும் பிடிப்பு இல்லன்னுதான் சொன்னீங்க. நம்ப முடியாமத்தான் குண்டூசி எடுத்தோம்" என்றாள் பெரியக்கா. "சொல்றது இப்ப. சம்பளம் சனிக்கிழமை. நடுவுல எத்தனையோ நாள் இருக்கு, உங்களுக்கு எத்தனையோ கோபம் வரும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே?"

"இத்தனை நாளா கெட்ட கப்புக்கு ஐஞ்சு ரூபா எடுத்தீங்க. இனிமே கெட்ட கப்புக்கு ஐஞ்சு ரூபா குடுங்க. சனிக்கிழமை இல்ல. கப்பை நீட்டின உடனே, கையில."

அலுவலக அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்தே வந்துவிட்டாள். "நல்லா இருக்கே நியாயம். கெடுக்கிறதுக்குக் கூலியா? நாளைக்கே நல்ல கப்பையெல்லாம் கெடுத்துக் கொண்டு வந்து வரிசையில நிப்பாங்க."

பெரியக்கா அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். "கெடுக்கத் தெரிஞ்சிருந்தா நாங்க ஏன் அண்ணி குண்டூசியைத் தேடப்போறோம்?"

கேமராக்காரப் பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். "அது உண்மை. பொய்க் கப் வந்தா நானே கண்டுபிடிச்சிடுவேன். அந்த அளவுக்கு அவங்களுக்குப் பொய் வரல."

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் நிலைப்படியைத் தொடுகிறவர் மாதிரி ஸ்டூலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "குடு" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, தன் கையால் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நல்ல வேலைக்கே எண்ணி எண்ணிக் கொடுத்துப் பழகிய கை. கெட்டதுக்குக் கூலி என்றால் அது மடங்கிக்கொண்டது. சில்லறை டப்பாவை மனைவியிடம் தள்ளிவிட்டு, ஜாம் பீப்பாயைப் பார்க்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தது பெரியக்காதான். ஏப்ரன் பையிலிருந்து ஒரு கப். மூடியின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு சுருக்கம், அதில் ஒரு துளி சிவப்பு. மனைவி ஐந்து ரூபாயை மேஜையில் வீசாத குறையாக வைத்தாள். அப்புறம் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒருத்தி. மாலைக்குள் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. பெண்கள் முகத்தில், இத்தனை நாள் இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துப்போட்ட நிம்மதி.

"மாசத்துக்கு மூணு" என்று மனைவி அவர் காதுபட முணுமுணுத்தாள். அவர் பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கப்புகளை வைத்துக் கேமரா புதிதாகப் பழகியது. பழகப் பழக இன்னொன்றும் தெரிந்தது. கசிவில் முக்கால்வாசி, தட்டின் ஒரே குழியிலிருந்து வந்தது. அச்சின் அந்தப் பக்கம் கொஞ்சம் தேய்ந்து, சூடு பற்றாமல் இருந்திருக்கிறது. கசிந்த கப்புகள் கண்ணில் பட்டிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அச்சை மாற்றினார்கள். தொட்டியில் விழுவது கையளவாகக் குறைந்தது. சில்லறை டப்பாவும் மூச்சு விட்டது.

புதன்கிழமை தரம் பார்க்கிறவர் வந்தார். அதே பேனா, அதே வெள்ளைத் தாள். இந்த முறை டீயை வேண்டாம் என்றுவிட்டார். காலையிலிருந்து மத்தியானம் வரை மிஷினின் பக்கத்திலேயே நின்றார். தொட்டியில் விழுந்ததை எடுத்துப் பார்த்தார். விழுந்தது எல்லாம் விழ வேண்டியதுதான். பெட்டிகளைத் தன் இஷ்டத்துக்குப் பிரித்துக் கவிழ்த்து வைத்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது. மெழுகுவத்திக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். தரம் பார்க்கிறவர் அலுவலக அறைக்குள் போய், மேஜையில் காகிதத்தை விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார். மெழுகுவத்திக்காரரின் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். வீடு அந்தப் பேனா நுனியில் இருந்தது.

அப்போதுதான் கதவருகே பெரியக்கா வந்து நின்றாள். கையில் ஒரு கப்.

மெழுகுவத்திக்காரர் பார்த்தார். கண்ணாலேயே போ, போ என்றார். அவள் போகவில்லை.

"அண்ணே, இது ஒண்ணு தப்பிச்சு வந்துருச்சு" என்றாள்.

மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பேனாவையும் கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிஷம், இரண்டே நிமிஷம், ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா இவள். பையில் வைக்காதே என்று சொன்னது யார் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

தரம் பார்க்கிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கப்பை வாங்கினார். மேலே பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. திருப்பினார். விளிம்புக்கு அடியில், மேலிருந்து பார்க்கிற கேமராவுக்கு எட்டாத இடத்தில், பிசுபிசுப்பு.

"எங்க கிடைச்சது?"

"பெட்டியில அடுக்குறப்ப விரல்ல ஒட்டுச்சு சார்."

"கேமரா பார்த்ததுக்கு அப்புறமும் நீங்க அழுத்திப் பார்க்கிறீங்களா?"

"கை பழகிப்போச்சு. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல."

"நான் இங்க இருக்கேன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா கெட்டது கிடைச்சா உடனே கொண்டு வரணும்கிறது எங்க பேச்சு."

அவர் கப்பை மேஜையில் வைத்து, அதையே சற்று நேரம் பார்த்தார். "நான் நிறைய ஷெட்டு பார்த்திருக்கேன்" என்றார் மெழுகுவத்திக்காரரிடம். "எல்லா இடத்துலயும் நல்லதைத்தான் கொண்டு வந்து காட்டுவாங்க. கெட்டதை நானா தேடி எடுக்கணும். கேமரா எங்க வெச்சாலும் ஒண்ணு ரெண்டு விடத்தான் செய்யும். விட்டது எனக்குத் தெரிய வருமா, வராதாங்கிறதுதான் எனக்குக் கவலை." பேனாவை எடுத்தார். "பக்கவாட்டுலயும் ஒரு கேமரா வைக்கணும், ஒரு வருஷத்துக்குள்ள. அது வரைக்கும் இவங்க விரல் இருக்கட்டும்." கையெழுத்துப் போட்டார்.

மெழுகுவத்திக்காரருக்குப் போன உயிர் திரும்பியது. திரும்பிய உயிரோடு கூடவே பழைய நாக்கும் திரும்பியது.

"எங்க ஷெட்டுல ஆரம்பத்துலருந்தே இப்படித்தான் சார்" என்றார். "கெட்டதை மறைக்கிற பழக்கமே இங்க கிடையாது. கெட்ட கப்புக்குக் கூலி குடுக்கிற ஒரே முதலாளி நான்தான். யோசனை நம்மளோடது."

சுவரோரமிருந்து மனைவியின் இருமல் கேட்டது. பெரியக்கா சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தரம் பார்க்கிறவர் தாள்களை அடுக்கிக்கொண்டு கிளம்பிப் போனார். கார் சத்தம் தேய்ந்தது. அவள் அப்போதும் போகவில்லை.

"என்ன பெரியக்கா? அதான் முடிஞ்சுதே."

"உங்களுக்கு முடிஞ்சுது அண்ணே."

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை ஜாம் பட்டுச் சிவந்திருந்தது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். மனைவி சில்லறை டப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியே தெருவில் ஏதோ அதிசயத்தைப் பார்க்கிறவள் மாதிரி நின்றாள். "என்கிட்டக் கேட்காதீங்க" என்றாள் திரும்பாமலே. "யோசனை உங்களோடதாமே. நீங்களே குடுங்க."

மெழுகுவத்திக்காரர் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். தேடினார். ரேகை தேய்ந்த விரலுக்குக் காசு சட்டென்று பிடிபடாது. ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். ஒற்றை ரூபாய்களாக எடுத்து, அவள் விரித்த கையில் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு என்று வைத்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையை மூடவில்லை. ஐந்தாவதையும் வைத்தார்.